மச்சான் கேக்கின் மேல் அமர நேர்ந்தது பற்றி

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் விக்னேஸ்வரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை செல்வமலரின் கணவன் ஞானேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். தாங்களும் நலமாக, விசேடமாக இடுப்பு நலமாக இருக்க விம்பிள்டன் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

சென்ற சனிக்கிழமை மண்டபத்தில், என் மகளின் பாராட்டு விழாவில் நடந்தது விபத்து, ஒத்திகை பார்த்துச் செய்ததல்ல. என் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் ஆராய்வது அமெரிக்கர்கள் விழுந்தெழும்பிச் சிரிக்கவைத்த வரலாறு என்பதை நானே அன்றுதான் முழுதாக அறிந்தேன்; அதுவரை எல்லோருக்கும் 'வரலாறு' என்று மட்டுமே சொல்லிவந்தேன். அவள் இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்து அடித்துக் காட்டி, சத்தம் பெரிது, நோவு இல்லை, இந்தக் கலைக்கு 'ஸ்லாப்ஸ்டிக்', அதாவது அடிபலகை, என்ற பெயரே இதால்தான் வந்தது என்றாள். பிறகு மேடைக் கூத்து, பேசாத படம், முகத்தில் எறியும் கிறீம், டிவி என்று வந்து, "விழுகிறவர் பெரிய மனிசரெண்டால்தான் சனம் கூடச் சிரிக்கும்" என்று முடித்தாள். அந்த நேரம் பார்த்தா பிரதம விருந்தினரான உங்களுக்குப் பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட வேணும்? சின்னது உங்கட உடம்பைச் சுத்தக் காணாதெண்டு நீளமானதைத் தேடி வாங்கினது நான், அதின்ர நுனியில ஏறி நிண்டதும் நான், தடக்கி உங்களைத் தள்ளினதும் நான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் உங்களுக்குப் பின்னால கேக்கை வைச்சது உங்கட தங்கச்சி. நீங்கள் அதில இருந்ததும் சனம் இதுவும் பேச்சோட சேர்ந்ததெண்டு எழும்பி நிண்டு கைதட்டினதுக்கு நான் என்ன செய்ய ஏலும்? தூக்கிவிட வந்தன், கிறீம் வழுக்கி நானும் உங்களுக்கு மேல. "திரும்ப ஒருக்காச் செய்யுங்கோ" எண்டு கத்தினது ஆரெண்டு இன்னும் தேடுறன்.

அண்டையிலிருந்து நீங்கள் போன் எடுக்கிறியளில்லை. வாற ஞாயிறு ஆரணிக்குக் கலியாணம். "மாமா வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன் அப்பா" எண்டு சொல்லி அறைக்கதவைச் சாத்திப்போட்டாள். தாய்மாமன் நீங்கள் வந்து அவளின்ர தலையில பாலும் அறுகம்புல்லும் சேர்ந்த முதல் பாலறுகு வைக்காமல் என்னெண்டு கலியாணம் நடக்கும்? எனக்குப் பயமாயிருக்கு மச்சான். ஒரு மனிசன் விழுறதில சிரிக்க ஒண்டுமேயில்லை. எந்தக் கோயிலிலும் இதைச் சத்தியம் பண்ணுவன்.

தங்கள் துணைவியார் குமுதா மச்சாளுக்கு எங்கள் அன்பு. கடவுள் தங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் மறதியும் தரட்டும்.

இங்ஙனம்,
ஞானேஸ்வரன்

பி.கு.: தபாலில் போட்டால் பிந்துமெண்டு இதை நேரே கொண்டுவந்தன். உங்கட வாசற்படியில பாசி. நான் விழ, குப்பைத்தொட்டியும் எனக்கு மேல சரிய, தலையைத் தூக்கிப் பாத்தால் மேல் யன்னலில நீங்கள் திரைச்சீலையைப் பிடிச்சுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறியள். ஒளிக்க வேண்டாம், கண்டிட்டன். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. மச்சாள் ஐஸ் கொண்டுவந்தவ. படியில கிடந்தபடி அவவின்ர பேனையாலதான் இந்தப் பின்குறிப்பை எழுதி அவவிட்டையே குடுத்துவிடுறன். சிரிச்சு முடிச்சிட்டு இறங்கி வாங்கோ, என்னை நீங்கள்தான் தூக்கவேணும். படியில கவனம், ஞாயிற்றுக்கிழமை உங்கட இடுப்பு எங்களுக்கு வேணும்.