ஏசம்மாள் புயல்

புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வ. புதுப்பட்டி நேசையன் வீட்டுத் தகரக் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்ப் பிளவக்கல் பக்கம் எங்கோ போட்டுவிட்டது. ஐப்பசி மழைக்கு இருபது நாள்கூட இல்லை. அரசாங்கத்தில் தார்ப்பாய் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேசையன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார்.

பேரிடர் ஆயத்த உப அலுவலகத்தில் தார்ப்பாய்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அவற்றுக்கு முன்னால் அதிகாரி தவசிமுத்து வீற்றிருந்தார். 'அமெரிக்க வானிலைச் சீற்றங்களின் வரலாறு' என்ற ஐந்து நாள் பயிற்சியை முடித்து முந்தின நாள்தான் வந்திருந்தார். பயிற்சி நடந்தது கொடைக்கானலில். ஆனாலும் ஆள் அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் மாதிரியே இருந்தார். விண்ணப்பப் படிவத்தையும் அதற்கேற்ப மாற்றியிருந்தார்.

"பனிப்பொழிவு எத்தனை அடி?"

"எங்க ஊர்லயா சார்?"

"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டுல நியூயார்க்குல ஆள் உயரத்துக்குப் பனி குவிஞ்சுருக்கு. அவங்களும் உம்மை மாதிரி அசட்டையாத்தான் இருந்தாங்க. சரி, பூஜ்யம்னு போடுறேன். புயலோட பேரு?"

"வெறுங் காத்து சார். பேரெல்லாம் கிடையாது."

"பேரில்லாத காற்றைப் பேரிடராகக் கருத விதியில்லை. அமெரிக்காவுல ஒவ்வொரு புயலுக்கும் பேரு உண்டு. ரொம்ப வருசம் பொம்பளைப் பேரா மட்டுந்தான் வச்சாங்க."

நேசையன் தார்ப்பாய் அடுக்கை ஒருதரம் பார்த்தார்.

"ஏசம்மாள்னு போட்டுக்கோங்க."

"யாரது?"

"எம் பொஞ்சாதி சார்."

"வேகம்?"

"ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போறவ. காலையில ஆறரை பஸ்ஸைப் பிடிக்க ஓடையில நீங்க பாக்கணும்."

'அதிதீவிரம்' என்று அதிகாரி பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் விஷயம் ஏசம்மாள் காதுக்குப் போனது. "கூரையைத் தூக்குனது நானாக்கும்?" என்று முறைத்தவள், கூரையில்லாத மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, பாய் எப்ப வருதாம்?" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னுராஜுக்கு நாலு ஓடு உடைந்திருந்தது. அடுத்தவன் மனைவி பேரில் நிவாரணம் கேட்பது முறையல்ல என்று, தன் மனைவி பேரில் 'நாகஜோதி' புயலைப் பதிவு செய்தார். மளிகைக்கடை ஹமீது 'நூர்னிசா'வைப் பதிந்தார். பிறகு, ஒரு துரும்பும் அசையாத வீட்டுக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். நாலே நாளில், அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் நூற்று நாற்பத்தொன்பது புயல்கள் சேர்ந்தன.

தவசிமுத்து சந்தோஷத்தில் பதிவேட்டை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஒரே நாளில் அமெரிக்காவைச் சுற்றி வளைத்து அடித்த சூறாவளிகளே நூற்று நாற்பத்தெட்டுதான். பயிற்சியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வரலாறும் அந்த ஆண்டோடு முடிந்திருந்தது. ஊரைக் கூட்டி உத்தரவை வாசித்தார்:

"ஒரே நாளில், அமெரிக்காவைவிட ஒன்று கூடுதலாக, நூற்று நாற்பத்தொன்பது புயல்கள் தாக்கியும் இவ்வூரில் ஒரு கோழிக்குக்கூடக் காயமில்லை. இத்தகைய நெஞ்சுரம் படைத்த மக்களுக்குத் தார்ப்பாய் வழங்குவது அவர்களை இழிவுபடுத்துவதாகும். ஆகவே இருப்பிலுள்ள அனைத்தும் நெஞ்சுரம் குறைந்த ஊர்களுக்கு அனுப்பப்படுகின்றன."

அமெரிக்காவை ஜெயித்துவிட்ட குஷியில் கூட்டம் கடைசி வரி வரைக்கும் கை தட்டியது. தவசிமுத்துவின் சிரித்த முகத்தோடு பன்னிரண்டடி ஃப்ளெக்ஸும் வைத்தார்கள். மழை இறங்கியதும், முதல் புயலின் கணவர் என்ற முறையில் அது நேசையனுக்குக் கிடைத்தது. அவர் அதைக் கூரையில் கட்டினார். காற்றுக்குக் கிழியாமலிருக்க ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அங்கங்கே ஓட்டை போட்டிருந்தபடியால், வீட்டுக்குள் ஏழு இடத்தில் ஒழுகியது.

"ஒரு காத்து, ஒரு வீடுன்னு சொல்லியிருந்தா ஒரு பாயாவது வந்துருக்கும்" என்றாள் ஏசம்மாள், குண்டானைத் தள்ளி வைத்துக்கொண்டே. நேசையனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்நேரம் பொன்னுராஜ் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "ஏலே நேசையா, மோசம் போனோம். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல அமெரிக்காக்காரன் ஒரே நாள்ல எரநூறத் தாண்டிட்டானாம்."

நேசையன் தலையில் சொட்டிய தண்ணீரை வழித்துவிட்டு ஏசம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, ஒன் தங்கச்சிமாரு மொத்தம் எத்தனை பேரு?"