இரட்டைப்படை நாட்களில் என் முறை

தேதிகளோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எந்தப் பிப்ரவரி ஒரு நாள் நீளும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதே என் பிழைப்பு. அலுவலகத்தில் என்னைக் 'காலண்டர்' என்றே கூப்பிடுவார்கள். எனக்குப் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவனிடம் ஒரு காலையில் மனைவி சொன்னாள்: "இனிமே பாத்திரம் கழுவுறதுல பாதி உங்க பொறுப்பு."

நான் சண்டை போடவில்லை. மறுநாளே ஒரு செயலி எழுதி இரண்டு பேர் போனிலும் ஏற்றினேன். தேதியைத் தொட்டால் அன்று யார் முறை என்று காட்டும். ஒற்றைப்படைத் தேதி அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு.

"சரிபாதிதானே?"

"தேதி விஷயத்துல நான் தப்பு பண்ணுவேனாம்மா?"

முப்பத்தொரு நாள் உள்ள மாதங்கள் ஏழு. முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றை. ஆக, வருடத்துக்கு ஏழு நாள் அவள் தலையில் கூடுதல். லீப் வருடமானால் எட்டு. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாம் தேதி அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். ஒன்பது தட்டு, நாலு சட்டி. மூன்றாம் தேதி, "தலைவலிங்க, கடையில வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். பொட்டலத்தைப் பிரித்து அப்படியே சாப்பிட்டோம். நான்காம் தேதி எதிர்வீட்டு டீச்சரும் அவர் கணவரும். ஐந்தாம் தேதி வெறும் பழம். ஆறாம் தேதி அடிப்பிடித்த அண்டா. எங்கள் வீட்டில் அண்டா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பத்தாம் தேதி, முழங்கை வரை நுரையோடு கேட்டேன்.

"ஏம்மா, விருந்தாளிங்க எல்லாம் என் நாளாப் பாத்தே வர்றாங்களே?"

"பின்ன? போன்ல உங்க ஆப்பைப் பாத்துத்தானே கூப்பிடுறேன். டீச்சர்கூட அவங்களுக்கும் ஒண்ணு எழுதித் தருவாரான்னு கேட்டாங்க."

ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சமாளித்துக்கொண்டேன்.

"சரிபாதின்னுதானே பேச்சு?"

"நாள் சரிபாதிதாங்க. தட்டை நீங்க எண்ணவே இல்லையே!"

மறுநாள் மதியம் அவள் மாடிக்குத் துணி உலர்த்தப் போனாள். நான் செயலியைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். இரண்டு போனிலும் இனி ஒற்றை எனக்கு, இரட்டை அவளுக்கு. ஏழு நாள் போனால் போகிறது. இருபது வருட அனுபவம், அரை நிமிட வேலை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இறங்கி வந்தவள் போனைப் பார்த்தாள். அண்ணன் வீட்டுக்குப் பேசினாள்.

"அண்ணி, நாளைக்கு வேணாம், ஒரு நாள் தள்ளி, பதிமூணாம் தேதி வாங்க. ஆமா, எல்லாருமாத்தான்."