கேக்குக்கு ஒரு நல்ல வார்த்தை

'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் கேக்' என்று எழுதிவிட்டுக் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர். இங்கிலீஷ் என்றால் அவருக்கு இப்படித்தான் வரும்.

"கேக் கிடைச்சுதுன்னு எழுதியாச்சு. எப்படி இருந்துச்சுன்னு எழுதணுமே, சொல்லு."

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "உள்ளதை எழுதினா உறவு போயிடும்."

கேக் சம்பந்தியம்மா பேரில் வந்திருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு மொழிக்காரர்கள். பெரியவர்களுக்குள் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். பார்சல் வந்த அன்று கேக்கை வெட்டப் போய்க் கத்தி வளைந்தது. கடைசியில் சுத்தியல்தான் கைகொடுத்தது.

போதாக்குறைக்கு மகள் வேறு போன் செய்தாள். "அத்தை கேக் எப்படிம்மா இருந்துச்சு? அப்பாவை மறக்காம லெட்டர் போடச் சொல்லு." இதையே மூன்று முறை சொன்னாள். அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வாழப் போன இடத்தில் பெண்ணுக்கு என்ன நெருக்கடியோ!

"பொய்யும் இருக்கக் கூடாது, நிஜமும் தெரியக் கூடாதுங்க."

"அப்போ 'அன்ஃபர்கெட்டபிள்'. மறக்கவே முடியாதுன்னு அர்த்தம்."

"அது சத்தியமான வார்த்தை" என்று மனைவி தாடையைத் தடவிக்கொண்டாள்.

கடிதம் போனது. இரண்டே வாரத்தில் இரண்டு கேக் வந்தது.

"ரொம்பப் புகழ்ந்துட்டீங்க. கொஞ்சம் அடக்கி எழுதுங்க."

குமாஸ்தா யோசித்து, 'வெரி ஃபில்லிங்', அதாவது வயிறு நிறைந்துவிடுகிறது என்று போட்டார். சின்னத் துண்டே மொத்தக் குடும்பத்துக்கும் போதும் என்றும் சேர்த்துக்கொண்டார். இனி அனுப்ப வேண்டாம் என்பதை இதைவிட நாசூக்காக எந்த அலுவலகமும் சொல்லியிருக்காது.

மூன்று கேக் வந்தது.

"நம்ம குடும்பம் பெரிசுன்னு நெனச்சுட்டாங்க போல" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். மறுநாள் அது அந்த வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. குமாஸ்தா அதையும் நல்லபடியாகவே எழுதினார்: பக்கத்து வீட்டில் மிகவும் பயன்பட்டது, தெரு முழுக்க இதே பேச்சு.

இந்த முறை தபால்காரர் பெட்டியை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், கருங்கல் வியாபாரமா?"

தெருவுக்கே கொடுக்கட்டும் என்று பன்னிரண்டு கேக்.

அன்று சாயங்காலம் மனைவியின் கடைவாய்ப் பல்லில் பாதி போயிற்று. கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"போதுங்க. நிஜத்தையே எழுதிடுங்க. ஆனா அந்தம்மா மனசு நோகக் கூடாது. பாவம், வேலை மெனக்கெட்டுச் செஞ்சு அனுப்புறாங்க. நம்ம பொண்ணும் அங்கதான் இருக்கா."

குமாஸ்தா அகராதியை விரித்தார்.

"'ஹார்ட்'?"

"கல்நெஞ்சக்காரின்னு திட்டுற மாதிரி இருக்கு."

"'டஃப்'?"

"சண்டைக்குக் கூப்பிடுறீங்களா?"

"'ஸ்டிஃப்'னு ஒண்ணு இருக்கு."

"அப்படின்னா?"

"வெறச்சுப் போனது. பொணத்துக்குச் சொல்வாங்க."

"ஐயோ, மூடுங்க அந்தப் புஸ்தகத்தை!"

நான்கு தாள் கிழிந்தது. ஊர்ப்பட்ட குழாய் வெடித்தபோதெல்லாம் பதில் எழுதிச் சமாளித்த மனிதர், ஒரு கேக்குக்கு முன்னால் கைவிரித்து உட்கார்ந்துவிட்டார். தெரிந்த வார்த்தை ஒவ்வொன்றையும் எடுத்து, அது அந்த வீட்டுக்குள் போய் எப்படி விழும் என்று நினைத்துப் பார்த்தார். எதுவும் மெதுவாக விழவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்காகத் தமிழ் கற்றுக்கொண்ட பிள்ளை. தன் அம்மாவின் மனசும் அவருக்குத் தெரியும். குமாஸ்தா போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பொண்ணுக்குத் தெரிய வேண்டாம். ஒரு கேக் இருக்குன்னு வைங்க, அது... கல்லு மாதிரி இருக்கு. செஞ்சவங்க மனசு நோகாம அதைச் சொல்றதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வேணும்."

மனைவி கன்னத்தைப் பொத்தியபடியே போனருகில் காதைக் கொண்டுவந்தாள். மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா, நானும் இத்தனை நாளா அந்த வார்த்தையைத்தான் தேடிட்டு இருக்கேன். எங்கம்மா கேக் செஞ்சதே இல்ல. எல்லாம் உங்க பொண்ணு செய்றது. தன் பேர்ல அனுப்பினா, நீங்க பாசத்துல பொய் சொல்லிடுவீங்களாம்!"