இராஜநாயகம் அண்ணரின் தம்பி பிள்ளைகள்

தொழிலாளியே இல்லாமல் கடை நடத்தும் வித்தையை உலகுக்கு அளித்தது கொழும்பு வெள்ளவத்தை. கண்டுபிடித்தவர், கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருக்கும் சாறிக்கடை இராஜநாயகம் அண்ணர். பக்கத்திலேயே பாத்திரக்கடை வைத்திருக்கும் பாக்கியத்தால், அனைத்தையும் நான் நேரில் கண்டேன்.

ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வந்த வாரம் எங்கள் வர்த்தகர் சங்கம் அவசரமாகக் கூடியது. "சம்பளம் கூடினால் இளசுகளைத்தான் வேலையால நிப்பாட்ட வேணும்" என்று பற்றிஸ் கடித்தபடி எல்லோரும் கண்கலங்கினோம். அண்ணர் மட்டும் எழுந்தார்.

"நிப்பாட்டினால் சாறியை ஆர் மடிக்கிறது? சொந்தக்காரருக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லி ஆரும் கேட்கேலாதுதானே."

மறுநாளே அவருடைய விற்பனைப் பெண்கள் ஆறு பேரும் தம்பி பிள்ளைகளாகப் 'பதவி உயர்வு' பெற்றார்கள். சம்பளம் 'கைச்செலவு' ஆனது. தொகை மாறவில்லை. புதிய சம்பளத்தை நம்பிக் கணக்கியல் வகுப்பில் சேர்ந்திருந்த வத்தளை யோசெப்பினுக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

தொழில் அதிகாரி வந்தார்.

"இந்தப் பிள்ளை ஆர்?"

"யோசெப்பின். என்ர தம்பியின்ர மகள்."

"நீங்கள் திருநீறு பூசியிருக்கிறீங்கள்."

"தம்பி வேதக்காரப் பெட்டையைக் கலியாணம் முடிச்சவன்."

"அங்கால முக்காடோட நிற்கிற பிள்ளை?"

"ஸமீமா. மற்றத் தம்பியின்ர மகள். அவனும் காதல்தான்." குடும்ப மானத்தைச் சட்டத்தின் காலடியில் வைத்து அண்ணர் பெருமூச்சு விட்டார்.

யோசெப்பின் மடித்த சாறியைக் கீழே வைத்தாள்.

"அப்ப பெரியப்பா, நான் மேல போய்ச் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுக்கிறன். பெரியம்மா றால் குழம்பு வச்சிருக்கிறா போல, மணக்குது."

"கஸ்டமர் நிக்கினம் பிள்ளை."

"தம்பி மகளை வேலை வாங்கினால் ஐயா என்ன நினைப்பார்?"

அதிகாரி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மற்ற ஐவரும் பெரியம்மாவைப் பார்க்க மாடி ஏறினார்கள். கூறைச்சாறி வாங்க வந்த குடும்பம் அண்ணரைச் சூழ்ந்தது. மேலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"என்னப்பா, ஆர் இந்தப் பிள்ளையள்? எனக்குத் தெரியாமல் உங்களுக்கு எந்தத் தம்பி?"

அண்ணர் வியர்வையைத் துடைத்தார். "ஐயா, ஆறு பேரும் வேலைக்கு நிற்கிற பிள்ளையள்தான். சட்டப்படியே எழுதுங்கோ."

யோசெப்பின் வகுப்புக்குப் போகிறாள். சங்கம் பாடம் கற்றது: உறவு கொண்டாடும் கடைக்கு மேல் வீடு இருக்கக் கூடாது. நான் உடனே என் கடைக்கு மேலிருந்த வீட்டைக் காலி செய்து கிருலப்பனைக்குக் குடிபெயர்ந்தேன். 'சட்டத்தால் இளைஞர் வேலை இழக்கின்றனர்' என்ற எங்கள் மனுவுக்கு என் கடைதான் முதல் ஆதாரம். கடையில் இன்று ஒரு தொழிலாளியும் இல்லை. நான்கு தம்பி பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியப்பாவின் வீட்டு விலாசம் அவர்களுக்குத் தெரியாது.