டிஸ்க் பிரேக்கும் திருஷ்டிப் பூசணிக்காயும்

புது சைக்கிள் வாங்கியவனிடம் மணி என்ன என்று கேட்டால்கூட பிரேக்கைப் பற்றித்தான் பதில் வரும். தொம்மலூரில் குடியேறிய புதிதில் நான் அப்படி ஒரு தொல்லையாகத்தான் திரிந்தேன். என்னுடையது டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவிலிருக்கும் இரும்புத் தட்டைப் பிடித்து நிறுத்தும். மனைவி சுமதியுடையது ரிம் பிரேக். இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும், அவ்வளவுதான். (ரப்பராம். பெங்களூரு மழைக்கு ரப்பராம்.)

எங்கள் பால்கனியில் ஒரு சைக்கிளுக்குத்தான் இடம். இன்னொன்றை விற்றாக வேண்டும். எதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சும்னே பேசிட்டே இருக்காதீங்க," என்றாள் சுமதி. இங்கேயே, மர்பி டவுனில் பிறந்தவள். கோபம் வந்தால் கன்னடம் எட்டிப்பார்க்கும், 'சும்மா' 'சும்னே' ஆகிவிடும். "ஆயுத பூஜை அன்னைக்கு பேஸ்மென்ட் சரிவுல ரெண்டு பேரும் இறங்குவோம். கீழே ஒரு கோடு போடுவோம். எந்த சைக்கிள் அந்தக் கோட்டுல நிக்குதோ, அது வீட்ல இருக்கட்டும்."

பூஜையன்று என் சைக்கிளைத் துடைத்துப் பொட்டு வைத்தேன், மாலை போட்டேன். இரும்புத் தட்டுகள் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. இன்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, முன்னும் பின்னும் முகம் தெரிகிற வரை தேய்த்தேன்.

சுமதி முதலில் இறங்கினாள். சாக்பீஸ் கோட்டில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி சாவகாசமாக நின்றாள்.

அடுத்து நான். வேகமாக வந்து, கடைசி நொடியில் பிரேக்கைப் பிடித்தேன். கீச்சென்று சத்தம் வந்தது. சத்தம் மட்டும்தான் வந்தது. கோட்டைத் தாண்டினால் குடியிருப்போர் சங்கத் தலைவர் ராவ் சாரின் புதுக் கார், அதில் கட்டிய வாழைக்கன்று, அதற்கு முன்னால் குங்குமம் அடைத்த பூசணிக்காய். காரை மட்டும் விட்டுவைத்தேன்.

உடம்பெல்லாம் சிவப்பு. "ஐயோ, ரத்தம்" என்று ஓடிவந்த சுமதி, சக்கரத்தருகே குனிந்து முகர்ந்தாள்.

"என்னங்க, தேங்காய் எண்ணெய் வாசனை வருது?"

சொன்னேன்.

"பிரேக் பிடிக்கிற இடத்துலயா? நீங்க இன்ஜினியரிங் எங்கதான் படிச்சீங்க?"

ராவ் சாரின் கவலை வேறு. "சார், நான் இன்னும் கற்பூரமே ஏத்தலையே," என்றார்.

டிஸ்க் பிரேக்தான் உயர்ந்தது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். பால்கனியில், சுமதியின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சொல்வேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ராவ் சார் தவறாமல் போன் செய்கிறார். "பூசணிக்காய் ரெடி சார். சைக்கிள் எடுத்துட்டு வர்றீங்களா?"

"அதை அப்பவே வித்தாச்சு சார்."

"பரவாயில்லை, மேடம் சைக்கிள்ல வாங்க."

சுமதி பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள். "அது நின்னுடும் சார். பூசணிக்காய் உடையாது."