கழுகைக் கூட்டிக்கொண்டு போன ஒற்றைக்கால் கம்பி

அன்பு மருமகன், பத்திரிகை ஆசிரியர் தேமிர்குலுக்கு, ஏரிக்கரையிலிருந்து அத்தை சைராகுலின் சலாம். உன் வீட்டில் ஆள்களும் ஆடுகளும் குதிரைகளும் நலந்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கல்யாண விருந்தில் மூத்தவளான எனக்கு மரியாதையாக வைக்க வேண்டிய ஆட்டு இடுப்பெலும்பை உன் மாமியாருக்கு வைத்தீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

உன் மாமாவின் வேட்டைக் கழுகு சாரியைப் படமெடுக்க ஜானிஷ் என்று ஒருவனை அனுப்பினாயே, அவனால்தான் எல்லா வினையும். வெறும் கையில் பிடித்தால் கனத்த கேமரா ஆடுமாம், மூன்று கால் தாங்கி வைத்தால் கழுகு போகிற பக்கம் சட்டென்று திரும்ப முடியாதாம், அதனால் ஒற்றைக்கால் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தான். "மோனோபாடு பாட்டி! நம்ம கால் ரெண்டு, இது ஒண்ணு, மொத்தம் மூணு"ன்னான். "எங்க வீட்டுக்காரருக்குக் கைத்தடியோட மூணு கால் எப்பவோ வந்தாச்சு, போடா"ன்னேன். கம்பியை முன்னால் ஊன்றி, காலை அகட்டி, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்து நின்றான். மாமா குதிரைமேல். கழுகு உட்காரும் கைக்கு முட்டுக்கொடுக்கச் சேணத்தில் கவட்டைக் கட்டை இருக்கிறது, ஆனாலும் அவர் கை நடுங்குகிற நடுக்கத்தில் கட்டையும் சேர்ந்து தாளம் போடுகிறது. கண்மூடியைக் கழற்றியதும் அந்தச் சிறுக்கி சாரி இவரைப் பார்த்தாள், ஆடாமல் நிற்கிற அவனைப் பார்த்தாள், பறந்துபோய்க் கேமராமேலேயே உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் அவன் மூச்சே விடவில்லை; மூச்சு விடாததால் ஆடவில்லை; ஆடாததால் அவளுக்கு அவனை இன்னும் பிடித்துவிட்டது.

"தாத்தா, இறங்கச் சொல்லுங்க!"

"சாரி, வாடி கண்ணு, ஈரல் வச்சிருக்கேன்" என்று மாமா கெஞ்சினார். என்னை ஒரு நாளாவது கண்ணு என்று கூப்பிட்டிருப்பாரா? அவளோ கழுத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அவன் ஒரு கையால் கார் ஓட்டி, மறுகையால் கழுகும் கம்பியுமாக ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டான்.

அன்றிலிருந்து மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "அவ இல்லாம எனக்கென்ன சாப்பாடு?" என்கிறார். மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவள் எனக்குச் சக்களத்திதான். வந்த நாள் முதல் நல்ல கறி அவளுக்கு, எலும்பு எனக்கு. இருந்தாலும் கேட்கிறேன், கழுகை உடனே திருப்பி அனுப்பு. இல்லாவிட்டால் நானே வந்து, அந்த இடுப்பெலும்பு விஷயத்தை உன் ஆபீஸ் நடுவில் நின்று சொல்வேன்.

உன் பிள்ளைகள் நூறு குதிரைக்கு அதிபதியாகட்டும். உன் மாமியாருக்கும் சலாம், அவளாகக் கேட்டால் மட்டும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாமா எழுந்து வந்தார். முழங்கையை என் தோளில் ஊன்றிக்கொண்டு ஒரு கிண்ணம் சூப் குடித்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. "உனக்குக் கறி இருக்கா?" என்று வேறு கேட்டார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கழுகை அனுப்பாதே. அந்தக் கம்பி உடைந்தால் அன்றைக்கே ஜானிஷுக்குப் புதுசு வாங்கிக் கொடு.