மெடல்காரரின் முன்சீட்

நான் பொறாமைப்பட்ட எல்லோரையும் மன்னித்துவிட்டேன், மெடல்காரர் ஒருவரைத் தவிர. ஏற்காடு மலையில் அவர் அளவுக்கு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் யாருமில்லை.

வெள்ளைக்காரன் காலத்து கான்ஸ்டபிள். கரடியூர்ப் பக்கம் ஒரு தொரை வீட்டுக் குழந்தைகளைக் காட்டெருமையிடமிருந்து காப்பாற்றி, ராஜா தலை போட்ட வீரப்பதக்கம் வாங்கியவர். சுதந்திரம் வந்து, ரிட்டயரும் ஆன பிறகும் மெடலைச் சட்டையிலிருந்து கழற்றவில்லை. ராஜா முகம் நெஞ்சுப்பக்கம் இருக்கும்படி திருப்பிக் குத்திக்கொண்டார், அவ்வளவுதான். கேட்டால், "நாட்டை உட்டுப் போனவரு. வெளிய தலைகாட்ட அவருக்கே கூச்சமா இருக்குமுங்க" என்பார்.

ஒண்டிக்கடையிலிருந்து சேலம் போகும் காலை பஸ்ஸில் முன்சீட் அவருடையது. மெடல் முன்னால் இருந்தால் வண்டி பள்ளத்தில் உருளாது என்பது டிரைவரின் நம்பிக்கை. மலையே அதை நம்பியது. சேலத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார். நானோ கொட்டச்சேட்டில் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர், படித்தவன், இஸ்திரி போட்ட சட்டைக்காரன். எனக்குப் பின்சீட்!

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் மடக்கினேன்.

"எருமையை எப்படித்தானுங்க அடக்குனீங்க?"

"அடக்கறதா? திரும்பிப் பாக்காம ஓடுனேனுங்க. அது கொழந்தைங்களை உட்டுப்போட்டு எம்பின்னாலயே வந்துருச்சு. ஓடுனதுக்குத்தானுங்க மெடலு!"

கடையே சிரித்தது. மானம் போகும் என்று பார்த்தால் மசால்வடை வந்தது, அவருக்கு மட்டும்.

பிறகு என் மனைவிக்கு நிறைமாதம். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்சீட் குலுக்கலில் அவளுக்கு என்ன ஆகுமோ என்று எனக்கு உயிரே இல்லை. ஆனாலும் அவரிடம் போய்க் கேட்கக் கௌரவம் விடவில்லை. மெடல்காரரே எழுந்தார்.

"வா கண்ணு, இங்க உக்காரு."

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். "நீங்க முன்னால இல்லாம வண்டி எடுக்கமாட்டேனுங்க."

மெடல்காரர் மெடலைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "மெடலு முன்னாலதானுங்க இருக்குது. எடுங்க!"

பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது வளைவு தாண்டவில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். அடிவாரம்வரை நான்தான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மலை பஸ்ஸு எனக்கு ஆகாதுங்க ரைட்டரே. முன்சீட்டுன்னாத்தான் தாங்கும். நொம்ப வெக்கமுங்க, யாருகிட்டயும் சொல்லீறாதீங்க."

எருமைக்குப் பயந்து ஓடியதை ஊருக்கே சொன்ன மனிதர்!

சேலத்தில் மெடலைத் திருப்பிக் கொடுத்த என் மனைவி, "ஏனுங்க, மனுசன்னா இவரு மனுசன்" என்றாள் என்னைப் பார்த்து. அன்று மகள் பிறந்த சந்தோஷத்திலும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் இப்போது இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். போன மாதம் கண்டக்டர் அந்த முன்சீட்டை எனக்கே கொடுத்தார். எத்தனை வருஷத்து ஆசை! உட்கார மனசு வரவில்லை. பின்னால் போய், ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.